ஆளுநர் கழுவிய மீன்

உங்கள் மனைவி அனுப்பிய பொதி நேற்று வந்தது. ஒஸ்லோவின் வெஸ்ட்லியில் பலசரக்குக் கடையின் மூலையில் ஒரு தபால் மேசை உண்டு. அங்கே கையொப்பமிட்டு வாங்கும்போதே மணம் பிடித்துவிட்டேன். சோயாவும் சுட்ட மக்ரெல் மீனும். வரிசையில் பின்னால் நின்றவர் மூக்கைச் சுளித்தார். சுளிக்கட்டும் என்று பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மேலே, உங்கள் ஊர் மரியாதைச் சொல்லையும் சேர்த்து, "அக்கா சான்" என்று எழுதியிருந்தது. என் உண்மையான பெயர் உங்கள் வீட்டில் கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது.

உள்ளே இரண்டு பொருட்கள் இருந்தன. துணியில் முடிந்த ஒரு சிறு பொட்டலம். உங்கள் மரணச் செய்தி வந்த ஒரு பத்திரிகைத் துண்டு. துண்டில் உங்கள் படம். பல்கலைக்கழகத்தில் என் மகளோடு படிக்கும் யப்பானியப் பெண் இன்று வந்து அதை எங்களுக்கு வாசித்துச் சொன்னாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் தாழ்ந்துகொண்டே போனது. வணிகத்திலிருந்து வந்து ஒரே ஒரு தவணை ஆளுநராக இருந்தவராம். நிர்வாகம் பழகாதவராம். மாகாணத்தின் பெயர்போன உணவைத் தன் கையாலேயே கெடுத்து, அடுத்த தேர்தலில் தோற்றவராம். இரண்டு பத்திக்குள் ஒரு மனிதரை மடித்து வைத்துவிட்டார்கள்.

"அம்மா, செத்த ஆளைப் பற்றி இப்பிடியும் எழுதுவினமோ?" என்று மகள் கேட்டாள்.

"எழுதட்டும். எனக்கும் எழுதத் தெரியும்" என்றேன்.

அதனால்தான் இந்த மடல். பொட்டலத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. முதலில் அந்தப் பத்திரிகைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவனுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்களும் நானும் கதைத்ததெல்லாம் நொர்வேஜிய மொழியில், அதுவும் இருவருக்கும் அரைகுறை. ஆனால் இத்தனை வருடமாக என் தலைக்குள் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அப்படியே எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோர்வேயின் மேற்குக் கரையில் அந்தத் தீவு நினைவிருக்கிறதா? மழை பக்கவாட்டில் பெய்யும் ஊர். தமிழர்கள் பதினைந்து பேர் அந்த மீன் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றோம். எல்லாரும் என்னை அக்கா என்றதால் நீங்களும் அதையே என் பெயர் என்று எண்ணி, உங்கள் அறிக்கைகளில்கூட அப்படியே எழுதினீர்கள். நீங்கள் என்னைவிட நாலு வயது இளையவர். ஆகவே யாரும் திருத்தவில்லை. உங்கள் தகப்பனாரின் நிறுவனத்துக்கு மக்ரெல் வாங்க வந்த இளைய மகன். எங்கள் ஊரில் கும்பளா என்போம், அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் அந்த மீன். முதுகில் கறுப்பு வரிகள், யாரோ அவசரத்தில் மைக்கோல் பிடித்துக் கீறிவிட்டதைப் போல.

அந்த முதல் இலையுதிர்காலத்தில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உண்மையைச் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள். கண்காணி மேல் பெட்டியைத் திறப்பார். நீங்கள் மீனுக்குள் வெப்பமானியைக் குத்துவீர்கள், செவுளைத் தூக்கிப் பார்ப்பீர்கள், தலையை ஆட்டுவீர்கள். அடுக்கு முழுவதும் கப்பலுக்குப் போகும். ஒருநாள் உறையவைக்கும் இயந்திரம் பழுதாகி, முதல்நாள் பிடித்த மீன் வெளியே கிடந்து வயிறு இளகிவிட்டது. அந்தப் பெட்டிகளை அடியில் அடுக்கச் சொன்னார்கள். அடுக்கியவள் நான்.

நீங்கள் வழக்கம்போல மேல் பெட்டியைப் பார்த்துத் தலையாட்டப் போனீர்கள். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. எனக்குத் தெரிந்த நொர்வேஜிய மொழியில் மொத்தமே முப்பது சொற்கள் இருந்திருக்கும். அதில் இரண்டை எடுத்துச் சொன்னேன்.

"அடியிலை பாருங்கோ."

கண்காணி சிரித்தார். அவளுக்கு மொழி தெரியாது, ஏதோ உளறுகிறாள் என்றார். நீங்கள் அவரைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு அந்த ஈரத் தரையில் முழங்காலில் இருந்து, மேலே இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக நீங்களே இறக்கினீர்கள். கடைசிப் பெட்டியைத் திறந்ததும் அந்த மணம் எங்கள் எல்லாருக்கும் அடித்தது. அன்று முழு அடுக்கும் திரும்பிப் போனது.

அடுத்தநாள் என்னை வரிசையிலிருந்து எடுத்துத் தரை கழுவும் வேலையில் விட்டார்கள். பருவம் முடியும்வரை குளிர்நீர்க் குழாயும் நானும்தான். அப்போது என் கையில் இருந்தது தற்காலிக விசா. வேலை போனால் என்ன ஆகும் என்று என் கணவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் யப்பானுக்குத் திரும்பினீர்கள். அடுத்த வருடம் வந்தபோது மேலாளரிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்களாம். பெட்டி திறக்கும்போது பக்கத்தில் அக்கா நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குவதற்கில்லை. தரை கழுவியவளுக்கு வெள்ளைக் கோட்டும் சொந்தமாக ஒரு வெப்பமானியும் கிடைத்தன.

"மேல்பெட்டி விக்கிறவன்ரை பெட்டி அக்கா. அடிப்பெட்டிதான் வாங்கிறவன்ரை பெட்டி" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். அதை நீங்கள் கண்டுபிடித்த மாதிரிச் சொல்வீர்கள். நானும் விட்டுவிடுவேன்.

மூன்று இலையுதிர்காலங்களுக்குப் பிறகு நீங்கள் ஊரோடு போய்விட்டீர்கள். நாங்கள் ஒஸ்லோவுக்கு வந்தோம். உங்கள் கடிதத்தின் தயவில் ஒரு மீன் ஏற்றுமதிக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது. குளிரில் நிற்கத் தேவையில்லை. கப்பல் ஆவணங்கள், பெட்டி அச்சு, வெப்பநிலைச் சான்றிதழ் என்று மேசையில் வேலை. வருடம் பிறந்தால் உங்களிடமிருந்து ஒரு வாழ்த்து அட்டை வரும். அந்த அட்டைகளில்தான் உங்கள் வாழ்க்கையை நான் பார்த்தேன்.

குடும்ப நிறுவனம் அண்ணனுக்குப் போனது. இளையவரான உங்களுக்குப் பூட்டிக் கிடந்த ஒரு ஐஸ் தொழிற்சாலை. அதை நிமிர்த்தினீர்கள். பிறகு ஒரு அட்டையில் குளிரறைகள், இன்னொன்றில் துறைமுக வணிகர்களோடு நிற்கும் படம். சங்கத் தலைவர் என்று கீழே எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு ஒன்று வந்ததே, அதை நான் இன்னும் சமையலறைச் சுவரில் வைத்திருக்கிறேன். ஒரு சிறு வாகனத்தின் கூரையில் ஒலிபெருக்கியோடு நிற்கிறீர்கள். உங்கள் நாட்டில் வேட்பாளர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக் கையசைப்பார்களாமே. நீங்கள் போட்டிருந்தது மீன்சந்தை றப்பர் கையுறை.

"மீன் வாங்க வந்த பொடியன் கவர்னராம்!" என்று என் கணவர் சிரித்தார். எங்கள் ஊரில் ஆளுநர் என்றால் மேலேயிருந்து இறக்கிவிடப்படும் ஆள். சனத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பும் இராது. உங்கள் நாட்டில் சனம் வாக்குப் போட்டு ஆளுநரைத் தெரிவு செய்வார்கள் என்று அவருக்கு விளங்கப்படுத்தவே ஒரு பின்னேரம் போனது. உங்களுக்கு எதிராக நின்றவர் தலைநகரத்து அமைச்சில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். கட்சிகள் எல்லாம் அவர் பக்கம். கடைக்காரனுக்கு அரசாங்கம் நடத்த வருமா என்று பத்திரிகைகள் கேட்டன. இப்போது உங்கள் மரணச் செய்தியிலும் அதே கேள்வியைத்தான் வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வென்றபோதும் கேட்டார்கள், தோற்றபோதும் கேட்டார்கள், செத்த பிறகும் கேட்கிறார்கள். அவர்களுக்கு அலுக்கவே இல்லை.

அந்தப் பத்திரிகைக்காரன் எழுதாததை, உங்கள் அட்டைகளில் படித்ததை வைத்து, நான் எழுதுகிறேன். பதவியேற்ற முதல்நாள் நீங்கள் உங்கள் பெரிய அறைக்குப் போகவில்லை. நிலக்கீழ்த் தளத்துக்குப் போய், கடிதம் பிரிக்கும் பெண்களிடம், பதில் போகாமல் கிடப்பதில் ஆகப் பழையதை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டீர்கள். அடுக்கின் அடியில் ஒரு கிழவியின் கடிதம் இருந்தது. அவருடைய தீவுக்குப் படகு நிறுத்தப்பட்டு ஆறு வருடமாம். நீங்கள் நேரே அந்தத் தீவுக்குப் போய் நின்றீர்கள். மேல்மட்ட அதிகாரிகளுக்கு அன்றைக்கே உங்களைப் பிடிக்காமல் போயிருக்கும். யாரும் போகாத ஒரு பெரிய மண்டபம் கட்டும் திட்டத்தை நிறுத்தினீர்கள். கட்டுகிறவர்களுக்கும் பிடிக்காமல் போனது. வேறென்ன செய்வீர்கள்? உங்களுக்கு அடிப்பெட்டியைத் திறக்க மட்டும்தான் தெரியும். சொல்லிக் கொடுத்தவள் நான்தான், பெருமையோடு ஒத்துக்கொள்கிறேன்.

நான்காவது வருடம் நீங்கள் ஒஸ்லோவுக்கு வந்தீர்கள். குழுவோடு வந்தீர்கள். மாகாணத்தின் புகழைப் பரப்ப. துறைமுகத்துக்குப் பக்கத்து விடுதியில் வரவேற்பு. என்னையும் அழைத்திருந்தீர்கள். கறுப்புக் கோட்டில் உங்களைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் அவ்வளவு பேருக்கு நடுவிலும் "அக்கா!" என்று கூப்பிட்டு, தலை தாழ்த்தி வணங்கினீர்கள். எங்கள் கந்தோர் மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

போகும்போது விருந்தினர் எல்லாருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். உள்ளே உங்கள் மாகாணத்தின் பெயர்போன உணவு. இனிப்பும் சோயாவும் சேர்ந்த கறுத்த சாற்றில் ஊறவைத்துச் சுட்ட மக்ரெல். எங்கள் குடாவில் பிடித்தது என்று எழுதி, அதன் மேல் வட்டமாக உங்கள் சிரித்த முகம். நாடு முழுக்க அது விற்கிறது என்று உங்கள் செயலாளர் பெருமையாகச் சொன்னார். செய்வது உங்கள் அண்ணனின் நிறுவனம். முகம் கொடுத்தவர் நீங்கள்.

அடுத்தநாள் மதியம் கந்தோர்ச் சாப்பாட்டறையில் அதைப் பிரித்தேன். உங்களிடம் ஒருநாளும் சொல்லாத ஒரு விசயம் இருக்கிறது. எங்கள் நாக்குக்கு இனிப்பு மீன் ஆகாது. ஒரு வாய் வைத்தேன், இறங்கவில்லை. உங்கள் முகம் போட்ட சாப்பாட்டைக் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. எந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணும் செய்வதைத்தான் செய்தேன். குழாயைத் திறந்து, சுடுநீரில் சாற்றைக் கழுவிவிட்டு, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் மிளகாய்த்தூளைத் தூவி, தேசிக்காய் பிழியப் போனேன்.

கழுவிய மீனில் வரி தெரிந்தது. தெளிவான, கறுப்பான வரி. உங்கள் குடாவின் மீனுக்கு வரி மங்கல், கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அதைத் தீவில் எனக்குப் படம் வரைந்து காட்டியவரே நீங்கள்தான். தேசிக்காய் கையிலேயே இருந்தது. நோர்வே மீனை நோர்வேக்காரருக்கே உங்கள் குடாவின் மீன் என்று பரிசாகக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த மண்டபத்தில் மீன் தெரிந்தவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் சாற்றைக் கழுவிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். இரண்டு வருடமாக யப்பானுக்குப் போன ஒரு பகுதி மீனுக்கு வெறும் பெட்டி கேட்டிருந்தார்கள். நாட்டின் பெயர் அச்சிடாத பெட்டி. அந்தக் கட்டளையைத் தட்டச்சு செய்தவள் நான். எதற்கு வெறும் பெட்டி என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வெப்பநிலை சரி, ஆவணம் சரி, எனக்கென்ன என்று விட்டுவிட்டேன். தரை கழுவிய காலத்தில் கேட்கத் துணிந்த வாய், மேசையும் கதிரையும் கிடைத்த பிறகு மூடிக்கொண்டது. அன்று சாப்பிடாமல் எழும்பிப் போய்க் கோப்பைத் திறந்தேன். வாங்கியது ஒரு இடைத்தரகர். பெட்டிகள் போய் இறங்கிய களஞ்சியம் உங்கள் அண்ணனுடையது.

மறுநாள் சனிக்கிழமை நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. வீட்டில் பெரிய வழக்கு நடந்தது.

"தேர்தலுக்கு ஆறு மாசம் கிடக்கு. நீ வாயைத் திறந்தால் அந்த மனிசனும் போகும், உன்ரை வேலையும் போகும். சோத்தைப் போட்டு அனுப்பி விடு" என்றார் கணவர்.

"அப்பா, அவரின்ரை முகமெல்லோ பக்கேயிலை கிடக்கு. வேறை ஆரும் கண்டுபிடிச்சால் அவர்தான் கள்ளன் எண்டுவினம்" என்றாள் மகள். பொட்டலத்தை அவள் எப்போதும் நொர்வேஜிய மொழியில்தான் சொல்வாள்.

இரண்டு பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். அதுதான் கஷ்டம்.

நீங்கள் காவலையும் காரையும் விட்டுவிட்டு, செயலாளரோடு சுரங்க ரயில் ஏறி ஐந்தாம் தடத்தின் கடைசி நிலையம்வரை வந்தீர்கள். எங்கள் மாடிக் குடியிருப்புகளைப் பார்த்து, உங்கள் துறைமுகத்தில் மீனவர் வீடுகள் இப்படித்தான் ஒன்றன் மேல் ஒன்றாக இருக்கும் என்றீர்கள். குழம்பும் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் மேசையில் இருந்தன.  பையில் இருந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரித்து, சாற்றைக் கழுவி, வெள்ளைத் தட்டில் வரி மேலே தெரிய வைத்து, உங்கள் முன்னால் கொண்டுவந்து வைத்தேன். பக்கத்தில் உறையையும் வைத்தேன்.

நீங்கள் தட்டை ஒருமுறை சுற்றித் திருப்பினீர்கள். உறையில் இருந்த உங்கள் முகத்தைப் பார்த்தீர்கள். செயலாளர் ஏதோ சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"எவ்வளவு காலம்?"

"ரண்டு வருசம். வெறும் பெட்டியள். கட்டளையை அடிச்சதும் நான்தான். கேக்காமல் விட்டிட்டன்."

"அண்ணையின்ரை களஞ்சியமோ?"

"ஓம்."

என் கணவர் தண்ணீர்க் குவளையை உங்கள் பக்கம் தள்ளினார். நீங்கள் குடிக்கவில்லை. மீனில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, மெதுவாக மென்றீர்கள். பிறகு இன்னொரு துண்டு. முழு மீனையும் சாப்பிட்டு முடித்தீர்கள்.

"நல்ல மீன்" என்றீர்கள். "இவ்வளவு நல்ல மீன். எங்கேயிருந்து வந்தது எண்டு மறைக்கிறதுக்கு இந்த மீன் என்ன குற்றம் செய்தது?"

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எத்தனை நாள் சுற்றிக்கொண்டிருந்தது தெரியுமா? அந்த வருடம்தான் என் மகள் கோடை வேலைக்கு விண்ணப்பம் போட்டாள். நீளப் பெயரைப் பாதியாக வெட்டி, நோர்வேக்காரி மாதிரித் தோன்றும்படி எழுதியிருந்தாள். நீங்கள் போன பிறகு அவள் போய் அதை அழித்து முழுப்பெயரையும் எழுதினாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

உங்கள் செயலாளர் கெஞ்சினார். தேர்தல் முடியட்டும், அண்ணனோடு வீட்டுக்குள்ளே கதைத்துச் சரிப்படுத்தலாம், ஆறு மாதம்தானே என்றார். நீங்கள் அவருக்குச் சொன்ன பதிலை எனக்கும் மொழிபெயர்த்தீர்கள்.

"உருகின மீனைத் திருப்பி உறைய வைக்க ஏலாது, அக்கா. அது எங்கள் ரண்டு பேருக்கும் தெரியும்."

வாசலில் சப்பாத்துப் போடும்போது என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தீர்கள். "அண்டைக்குச் சொன்னதாலை உங்கடை வரிசை வேலை போனது. இண்டைக்குச் சொன்னதாலை என்ரை வேலை போகப்போகுது. கணக்குச் சரி." நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபமும் வந்தது.

ஊருக்குப் போய் ஒரு வாரத்துக்குள் பத்திரிகையாளரைக் கூட்டினீர்கள். மேசையில் ஒரு பேசின், சுடுநீர், உங்கள் முகம் போட்ட பொட்டலம். அறிக்கை ஒன்றும் வாசிக்கவில்லையாம். மீனை எடுத்து, கமராக்களுக்கு முன்னால், நான் கழுவியது போலவே கழுவி, வரியைக் காட்டினீர்கள். இது நோர்வே மீன், என் முகத்தை வைத்து உங்களுக்குப் பொய்யாக விற்கப்பட்டது, நான் அடிப்பெட்டியைத் திறக்காமல் முகம் கொடுத்தேன் என்று சொல்லித் தலை தாழ்த்தினீர்கள். பழியை அண்ணன் மேல் மட்டும் போட்டுவிட்டுத் தப்பியிருக்கலாம். நீங்கள் அப்படிச் செய்யவில்லை. அண்ணன் பிறகு உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

சனம் என்ன செய்தது? உங்களைத் தோற்கடித்தது. மீன் தொழிலில் இருந்தவர்களுக்குக் கோபம், கடைக்காரர்களுக்குக் கோபம், பெயர் கெட்டுப்போனதே என்று எல்லாருக்கும் கோபம். பொய் விற்றவனை விட, பொய்யைக் கழுவிக் காட்டியவன் மேல்தான் சனத்துக்கு எப்போதும் ஆத்திரம். மாகாணத்தை மேலேயிருந்து பார்க்கத் தெரிந்த அந்த அமைச்சு உத்தியோகத்தரே அடுத்த ஆளுநர். அடுத்த புதுவருட அட்டையில் உங்கள் கோணல் நொர்வேஜிய எழுத்தில் இரண்டே வரிகள் இருந்தன. தோத்துப்போனன். நல்லாய் நித்திரை வருது.

என் கதையும் கேளுங்கள், ஒருமுறையும் முழுதாகச் சொன்னதில்லை. மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றித் தந்தார். இந்த நாட்டில் வேலையிலிருந்து எடுக்கும்போது கோப்பி தருவார்கள். வெளி ஆளுக்குக் கோப்பில் இருந்ததைச் சொன்னது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். பெட்டியில் எதை அச்சிடுவது என்பது வாங்குகிறவரின் விருப்பம், நாங்கள் சட்டப்படி ஒரு பிழையும் செய்யவில்லை என்றார். சட்டப்படி சரிதான், எனக்குத் தெரியும் என்றேன். மாதக் கடைசியில் மேசையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். வெப்பமானியை மட்டும் எடுத்துவந்தேன், அது என்னுடையது. இப்போது ட்வெய்ட்டாவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. சாமான் வந்தால் அடியில் இருப்பதை முதலில் எடுக்கிறேன். குறொன்லாண்டில் நான் வழக்கமாக மீன் வாங்கும் கடைத் தம்பிக்கு என்னைக் கண்டாலே தலையிடி. "ஐயோ அக்கா, நீங்கள் வந்தால் என்ரை அடுக்கெல்லாம் குலையும்" என்பார். குலையட்டும் என்பேன்.

கடைக்காரன் மாதிரி ஆட்சி செய்தார் என்று அந்தத் துண்டில் எழுதியிருக்கிறார்கள். ஆம், கடைக்காரன்தான். விற்ற சாமான் பழுது என்றால் வாங்கியவனின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டியவன் கடைக்காரன். அமைச்சிலிருந்து வந்தவருக்கு அந்தப் பழக்கம் இல்லை, அவர் யாருக்கும் எதையும் நேரில் கொடுத்ததில்லை. அனுபவம் போதாது என்று உங்களைச் சொன்னார்கள். உங்களிடம் இல்லாமல் போன அனுபவம் ஒன்றே ஒன்றுதான், தெரிந்ததைத் தெரியாதது போல இருக்கிற அனுபவம். அது இல்லாமல்தான் செத்தீர்கள். அதற்காக நான் வெட்கப்படப் போவதில்லை. உங்கள் மனைவியும் வெட்கப்பட வேண்டாம் என்று மகளைக் கொண்டு அவருக்கு எழுதப் போகிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு இப்போதுதான் துணி முடிச்சை அவிழ்த்தேன். உள்ளே உங்கள் அண்ணனின் நிறுவனத்துப் பொட்டலம். முதலில் ஆத்திரம் வந்தது, இதை உங்கள் மனைவி ஏன் அனுப்பினார் என்று. பிறகு விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். மகளும் வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தாள். யப்பானிய எழுத்தோடு எங்களால் வாசிக்கக்கூடிய எழுத்தும் இருந்தது. நோர்வே மக்ரெல். ஒளிக்காமல், ஆகப் பெரிய எழுத்தில். கறுத்த சாறு மீனோடு இல்லை. தனியாக ஒரு சின்னப் பையில், வேண்டியவர் ஊற்றிக்கொள்ளட்டும் என்று பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

உங்கள் முகம் இல்லை. அது இருந்த இடத்தை அதே வட்டத்தில் வெட்டியெடுத்து, கண்ணாடித் தாள் ஒட்டியிருக்கிறார்கள். அதற்குள்ளால் மீனின் வரி தெரிகிறது.

"அம்மா, பாருங்கோ" என்றாள் மகள். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு நான் எழுதிய பதிலெல்லாம் அந்த வட்டத்துக்குள் இருந்தது.

மீனைச் சூடாக்கி, மிளகாய்த்தூளும் தேசிக்காயும் போட்டு, நானும் என் கணவரும் மகளும் சாப்பிட்டோம். நல்ல மீன். சாற்றுப் பையை மட்டும் பிரிக்கவில்லை. வெப்பமானி கிடக்கும் மேசை லாச்சியில் அதன் பக்கத்தில் வைத்திருக்கிறேன். கோபிக்காதீர்கள், அது இன்னும் இனிப்புத்தான்.

அக்கா